பயிற்சி அறை இரண்டு எந்த மாடியில் இருக்கிறது?

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். தங்கள் அத்தையும் நலம். ஆனால் அவள் நலமாக இருக்கும் இடம் வேறு, நான் நலமாக இருக்கும் இடம் வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தாங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் போட்டே கேட்டுவிடலாம்தான். ஆனால் தாங்கள் அன்போடு அனுப்பிவைத்த கருவிகளில் எதையும் இனித் தொடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஆகவே பேனாவை எடுத்தேன். பேனாவுக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது அது நடுவில் நின்று, சுற்றுகிற வட்டம் ஒன்றைக் காட்டுவதில்லை.

மாப்பிள்ளையைக் குறை சொல்லும் வழக்கம் நம் வீட்டில் கிடையாது. நானும் சொல்லப்போவதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், குறை எங்கே இருக்கிறது என்று தாங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கட்டடத்தின் லிப்ட் படுத்துவிட்டது தங்களுக்குத் தெரியும். அது படுத்து ஏழு மாதம் ஆகிறது. அத்தையின் முழங்காலும் கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் படுத்தது. ஐந்தாவது மாடியில் இருந்துகொண்டு, முழங்காலும் இல்லாமல் லிப்டும் இல்லாமல் ஒரு மனுஷி என்ன செய்வாள்? ஏழு மாதமாக அவள் தெருவைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியைத்தான் பார்க்கிறாள். அந்தத் தொட்டி எப்போது நிரம்பும், எப்போது வழியும், எந்த மூலையில் ஒழுகும் என்பதெல்லாம் அந்தக் கட்டடத்துக்காரர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்த நிலையில்தான் குடியிருப்போர் சங்கம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. சங்கத்தின் கையில் இருப்பதை வைத்து லிப்டை மாற்றலாம், அல்லது கீழே கார் நிறுத்தும் இடத்துக்குக் கூரை போடலாம், இரண்டில் ஒன்றுதான் முடியும், ஓட்டுப் போட்டு முடிவு செய்வோம் என்று. கூரை கேட்டவர் தரைத்தளத்தில் வீட்டோடு கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர். அவர் புதுக் கார் வாங்கியிருக்கிறார், அதன்மேல் புறாக்கள் தினமும் தங்கள் கருத்தைத் தெரிவித்துவிட்டுப் போகின்றன. லிப்ட் கேட்டவர்கள் நாங்கள், மேல்மாடிக்காரர்கள். கூட்டம் எங்கே என்று பார்த்தால், வீட்டிலிருந்தபடியே வீடியோவில் என்று செயலாளர் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். செயலாளரைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள், இரண்டாவது மாடியில் இருக்கும் ரிட்டயர்டு டிரில் மாஸ்டர். கட்டடம் முழுக்க அவருக்கு 'விசில்' என்றுதான் பெயர்.

உடனே தங்களுக்குப் போன் செய்து யோசனை கேட்டேன். தாங்கள் சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ரொம்ப சிம்பிள் மாமா. லிங்க்கைத் தொட்டா போதும், உள்ள போயிடுவீங்க." தொட்டால் போதுமா, ஒன்று நடுவில் அறுந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். தாங்கள் ஏதோ அவசரத்தில், "அப்படின்னா இன்னொண்ணுலயும் சேர்ந்து வச்சுக்கோங்க மாமா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். மாப்பிள்ளை, நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உத்தியோகம் பார்த்தவன். ஊரில் பாதிப் பேரை மீதிப் பேரோடு இணைத்துவிட்டவன். எங்கள் தொழிலில் முதல் பாடமே, முக்கியமான லைனுக்குப் பக்கத்தில் இன்னொரு லைன் சும்மா நிற்க வேண்டும், அதற்கும் பக்கத்தில் இன்னொன்று நிற்க வேண்டும் என்பதுதான். அத்தையின் முழங்காலைவிட முக்கியமான லைன் எனக்கு ஏது? ஆகவே என் மொபைல், அத்தையின் மொபைல், மேசைமேல் இருக்கும் பழைய கம்ப்யூட்டர், தாங்கள் போன தடவை விட்டுச்சென்ற ஆபீஸ் லேப்டாப், இந்த நான்கிலும் லிங்க்கைத் தொட்டு, நான்கையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக நிறுத்தி, நடுவில் நான் உட்கார்ந்தேன். பழைய சுவிட்ச்போர்டு முன்னால் உட்கார்ந்த மாதிரி ஒரு நிறைவு வந்ததை மறைப்பானேன்.

நிறைவு எவ்வளவு நேரம் இருந்தது என்கிறீர்கள்? தொண்டையைக் கனைக்கிற வரைக்கும். நான் ஒரு கனைப்புக் கனைத்தேன். அதை நான்கு கருவிகளும் கேட்டு, நான்கும் திருப்பிக் கனைத்து, ஒன்றின் கனைப்பை மற்ற மூன்றும் கேட்டு அவையும் கனைத்து, கடைசியில் அது கனைப்பாக இல்லாமல் ஆஸ்பத்திரி வண்டி வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி ஒரு ஊளையாக மாறிவிட்டது. கட்டடம் முழுக்க எல்லாருடைய வீட்டிலும் அதே ஊளை. "யாரு சார் அது, அந்த நாயை வெளிய கட்டுங்க!" என்று டாக்டர் கத்துகிறார். செயலாளர் அமைதியை நிலைநாட்ட என்ன செய்வார் என்று நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விசிலை எடுத்து ஊதினார். மாப்பிள்ளை, நேரில் கேட்டாலே காது அடைத்துப்போகும் விசில் அது. நான்கு கருவிகளிலிருந்தும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, சுற்றிச் சுற்றி, பெரிதாகிக்கொண்டே போயிற்று. அத்தை காதைப் பொத்திக்கொண்டு, "என்னங்க, ஒண்ணு அதுங்க வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!" என்றாள். அவள் வெளியே போக முடியாது என்பதால், அவற்றைத்தான் பிரித்து வைத்தேன்.

அதாவது, ஒரே அறையில் இருப்பதால்தானே சண்டை போடுகின்றன என்று, லேப்டாப்பைப் படுக்கையறையிலும், அத்தையையும் அவள் மொபைலையும் சமையலறையிலும், என் மொபைலைப் பால்கனி கொடியில் கிளிப் போட்டும் வைத்தேன். பழைய கம்ப்யூட்டரை நகர்த்த முடியாது, அது ஹாலிலேயே இருந்தது. அதன் கேமராவோ எங்கள் முகத்தைப் பார்ப்பதே கிடையாது, மின்விசிறியைத்தான் பார்க்கும். சத்தம் அடங்கியது. கூட்டம் தொடங்கியது. நான் ஹாலிலிருந்து, "வணக்கம், ஐந்தாவது மாடி, லைன் கிடைத்ததா?" என்றேன். ஒரு நொடி கழித்துப் படுக்கையறையிலிருந்து ஒரு ஆண்குரல், "வணக்கம், ஐந்தாவது மாடி, லைன் கிடைத்ததா?" என்று மரியாதையாகக் கேட்டது. எக்ஸ்சேஞ்ச் பழக்கம், ஒருவர் கேட்டால் பதில் சொல்லாமல் விடக் கூடாது. படுக்கையறைக்கு ஓடி, "கிடைத்தது, சொல்லுங்கள்" என்றேன். அது பால்கனியில் கேட்டது. நான் என்னோடேயே பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்க மூன்று அறை ஓட வேண்டியிருந்தது. "யாருங்க வந்திருக்கா, உள்ள கூப்பிட்டு உக்கார வைங்களேன்" என்று அத்தை சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறாள்.

இதற்கிடையில் திரையில் ஒரு புதுத் தகராறு கிளம்பிவிட்டது. செயலாளர் திரையில் ஆளுக்கொன்றாகத் தெரிந்த பெட்டிகளின் பெயரை வாசித்து வருகை எடுத்தார். எல்லாம் சரியாகத்தான் போயிற்று. திடீரென்று நிறுத்தி, "பயிற்சி அறை இரண்டு யாரு?" என்று கேட்டார். பட்டியலை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பயிற்சி அறை இரண்டு எந்த மாடி? நம்ம கட்டடத்துல பயிற்சி அறையே கிடையாதே!" டாக்டருக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. "எனக்கு அப்பவே சந்தேகம் சார்! மொட்டை மாடியில யாரோ திருட்டுத்தனமா ரூம் கட்டிட்டாங்க. ரெண்டுன்னு இருக்கே, அப்ப ஒண்ணு எங்க?" என்றார். நாலாவது மாடி டெய்லர், பாவம், தையல் மெஷின்மேல் போனைச் சாய்த்து வைத்திருந்ததால் அவருடைய பெட்டியில் ஊசி ஏறி இறங்குவது மட்டும்தான் தெரிந்தது; அந்த ஊசிக்குப் பின்னாலிருந்து, "நான் போய்ப் பாத்துட்டு வரட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டு நிஜமாகவே மொட்டை மாடிக்குப் போய்விட்டார். அது தாங்கள் விட்டுச்சென்ற ஆபீஸ் லேப்டாப்பின் பெயர் என்பதும், அந்த 'அறை' எங்கள் கட்டில்மேல் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். சொல்லவும் சொன்னேன். சொன்னது எந்தக் கருவியிலும் போய்ச் சேரவில்லை. அறை அறையாக ஓடி முடித்த கையோடு, மறுபடி ஊளை கிளம்பிவிடுமோ என்று பயந்து, பேச்சை அடைக்கும் பொத்தானை நான்கிலும் நானே அழுத்தியிருந்தேன்.

பிறகு ஓட்டு. "கவனமா கேளுங்க! ஒரு பெட்டி, ஒரு கை, ஒரு ஓட்டு! லிப்ட் வேணும்ங்கிறவங்க கை தூக்குங்க. நான் விசில் அடிக்கிற வரைக்கும் யாரும் இறக்கக் கூடாது" என்றார் செயலாளர். டிரில் மாஸ்டர் புத்தி எங்கே போகும்? நான் கையைத் தூக்கினேன். தூக்கியபடி திரையைப் பார்த்தால், அத்தையின் பெட்டியைத் தவிர எங்கள் வீட்டுப் பெட்டிகள் எல்லாம் காலியாக இருக்கின்றன. ஒன்றில் மின்விசிறி, ஒன்றில் தலையணை, ஒன்றில் காயப்போட்ட துண்டு. கை தூக்காத பெட்டியெல்லாம் கூரைக்கு ஓட்டு என்று கணக்காகிவிட்டால்? என் வீட்டுத் துண்டே என் மனைவிக்கு எதிராக ஓட்டுப் போடுவதா? ஓடினேன் மாப்பிள்ளை. கையை இறக்காமலே ஓடினேன், இறக்கக் கூடாது என்று உத்தரவு. படுக்கையறையில் ஒரு கை, பால்கனியில் ஒரு கை, ஹாலில் நாற்காலிமேல் ஏறி மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒரு கை. சமையலறையில் அத்தை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சார்! ஒரே ஆளு, ஒரே சட்டையில, நாலு வீட்டுல கை தூக்குறாரு!" என்று டாக்டர் எகிறினார். எனக்கு மானம் போயிற்று. ஆனால் அப்போதுதான் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த செயலாளர் பேயறைந்த மாதிரி நிமிர்ந்து, "பன்னிரண்டு வீடு. இருபத்தாறு பெட்டி" என்றார். பிறகு ஒவ்வொரு பெட்டியாகக் குடைந்து பார்த்ததில், டாக்டர் தன் முன்னறையில் ஒரு பெட்டி, பல் பிடுங்கும் நாற்காலிக்கு மேல் ஒரு பெட்டி, அது போதாதென்று புதுக் காருக்குள் மாட்டியிருந்த போனில் ஒரு பெட்டி வைத்திருந்தது தெரிந்தது. கூரை வேண்டும் என்று காரே ஓட்டுப் போட வந்திருக்கிறது! நான் விவரம் தெரியாமல் செய்ததை அவர் விவரம் தெரிந்து செய்திருக்கிறார். மற்ற வீடுகளிலும் இரண்டு மூன்று பெட்டிகள் கிளம்பின; அவரவர் வீட்டில் அவரவர் நியாயம். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். செயலாளர் "கள்ள ஓட்டு எல்லாம் வெளிய!" என்று சொல்லி ஒரு பொத்தானை அழுத்தினார். அது எல்லாரையும் வெளியேற்றும் பொத்தான். அவரையும் சேர்த்து.

திரைகள் எல்லாம் கறுத்துவிட்டன. அந்த நிசப்தத்தில் மாடிப்படி வழியாகச் செயலாளரின் குரல் வந்தது. "சாயங்காலம் எல்லாரும் கீழ வாங்க! நேர்ல வந்து கை தூக்கினாத்தான் ஓட்டு!" இத்தனை கருவிகள் செய்ய முடியாததை அந்த ஒரு கத்தல் செய்துவிட்டது, ஐந்து மாடிக்கும் ஒரு எழுத்து குறையாமல் கேட்டது. கேட்டுவிட்டு நான் சோர்ந்து உட்கார்ந்துவிட்டேன். லிப்ட் யாருக்கு வேண்டுமோ அவர்களால்தான் கீழே வர முடியாது. கீழே வர முடியாதவர்களுக்கு ஓட்டு இல்லை. இதைவிட அநியாயம் உண்டா என்று நான் புலம்பிக்கொண்டிருக்கும்போதே, அத்தை எழுந்து தலை வாரிக்கொண்டு, வெளியே போகும் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

"நீ எப்படி இறங்குவ?" என்று கேட்டேன்.

"காலாலதான். நீங்க அந்த நாற்காலியை எடுங்க" என்றாள்.

மொட்டை மாடியில் ரூம் எதுவும் இல்லை என்று கண்டறிந்து திரும்பிய டெய்லர் நாற்காலியைச் சுமந்துகொண்டு முன்னால் போனார். ஒவ்வொரு திருப்பத்திலும் அதைப் போட்டார். அத்தை ஒரு கையால் கைப்பிடியையும் இன்னொரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு தரம் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். என் தோளில் அவள் விரல் பதிந்த இடம் இன்னும் வலிக்கிறது. கீழே வந்து சேர்ந்தபோது எல்லாரும் அந்தக் காரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள், லிப்டுக்குக் கை தூக்கச் சொல்லி ஓட்டு எடுப்பு தொடங்கியிருந்தது. வியர்த்து விறுவிறுத்து அவள் வந்து நின்றதைப் பார்த்து டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா?

"அம்மாதான் நல்லா இறங்கி வந்துட்டாங்களே! அப்புறம் எதுக்கு சார் லிப்ட்?"

சிலர் தலையாட்டினார்கள். ஏற்கெனவே எங்கள் பக்கம் தூக்கியிருந்த இரண்டு கைகள் மெதுவாக இறங்கின. கூரை ஜெயித்துவிட்டது. செயலாளர் விசில்கூட ஊதவில்லை, அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். என் வாழ்நாளில் யாரையும் அடித்ததில்லை மாப்பிள்ளை. அன்றைக்கு அந்தக் காரையாவது ஓர் உதை விட்டிருப்பேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி டாக்டர். எனக்கு இறங்கத்தான் தெரியும், ஏறத் தெரியாது" என்றாள். சொல்லிவிட்டு நேரே அவருடைய கிளினிக்குக்குள் போய், நோயாளிகள் காத்திருக்கும் முன்னறையின் நீள சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அங்கேதான் இருக்கிறாள். தாங்கள் பதற வேண்டாம், என் மகளிடமும் சொல்ல வேண்டாம். டாக்டர் வீட்டம்மா நல்ல மாதிரி, வேளைக்குச் சாப்பாடு, ராத்திரி படுக்கத் தனி அறை எல்லாம் கொடுத்திருக்கிறார். பகல் முழுக்க அத்தைக்கு அந்த சோபாதான். சோபாவில் இருந்துகொண்டு சும்மா இருக்கிறாளா? வருகிறவர்களிடமெல்லாம், "எந்தப் பல்லும்மா?" என்று விசாரிக்கிறாள். அவர்கள் காட்டுகிறார்கள். இவள் எட்டிப் பார்த்து, "அடடா, அந்தப் பல்லா! எங்க நாத்தனாருக்கும் அதே பல்லுதான்" என்று சொல்லி ஒரு பெருமூச்சு விட்டு, அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நாத்தனாருக்கு, அதாவது என் தங்கைக்கு, ஒன்றும் ஆகவில்லை. முப்பத்திரண்டு பல்லும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெருமூச்சைக் கேட்டபிறகு யார் உள்ளே போவார்கள்? "இதோ வண்டியை நிறுத்திட்டு வந்துடறேன்" என்று போனவர்கள் திரும்பி வருவதில்லையாம்.

டாக்டர் முந்தாநாள் என்னைத் தேடி மேலே வந்தார். ஐந்து மாடியும் ஏறி வந்தார். கதவைத் திறந்தால் நாக்கு தள்ளி நிற்கிறார், கையால் தண்ணீர் என்று காட்டுகிறார். நாற்காலி போட்டேன். குடித்து முடித்து, என் வீட்டு ஜன்னல் வழியாக அந்தத் தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "லிப்டே போட்டுடலாம் சார்" என்றார். நேற்று அவசரக் கூட்டம். வீடியோவில்தான், யாருக்கும் இனி ஏறி இறங்கத் தெம்பில்லை. டாக்டரின் பெட்டியில் அத்தையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டு வந்தபோது அவர் கொஞ்சம் தயங்கினார்; அத்தை அவர் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள். ஏகமனதாக நிறைவேறியது. சாமான்கள் எல்லாம் தயாராக இருக்கின்றனவாம், ஆட்கள் இன்றே வருகிறார்கள். லிப்ட் சரியான மறுகணமே அத்தை மேலே வந்துவிடுவாள். வீட்டைப் பெருக்கி, அவள் சொன்ன அலமாரியை அவள் சொன்னபடி அடுக்கி வைத்திருக்கிறேன்.

ஆகவே மாப்பிள்ளை, அவள் வந்த அன்றே தாங்கள் தயவுசெய்து ஆள் அனுப்பி, அந்த லேப்டாப்பையும் கம்ப்யூட்டரையும் இரண்டு மொபைல்களையும் எடுத்துப்போய்விடுங்கள். இனி எனக்கு யாரோடாவது பேச வேண்டுமென்றால் அவர்கள் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிறேன். எனக்கு அந்த ஒரு முகம் மேலே வந்து சேர்ந்தால் போதும், வேறு யாரோடும் எனக்குப் பேச்சே இல்லை.

தாங்களும் என் மகளும் எல்லா நலமும் பெற்று, எந்தக் கட்டடத்தில் குடியிருந்தாலும் தரைத்தளத்தில் குடியிருக்க வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். தங்கள் தாய் தந்தையருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை இத்தனை நாள் உறையில் போட்டு ஒட்டாமல் வைத்திருந்தேன், நல்லதாயிற்று. லிப்ட் ஓட ஆரம்பித்துவிட்டது. கூப்பிட்டு வரலாமென்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாக அதில் இறங்கினேன். அத்தை வரமாட்டேன் என்றுவிட்டாள். சோபாவுக்குப் பக்கத்து ஜன்னலில் தெரு தெரிகிறது. ஏழு மாதத் தெருவையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, "போதும் வா" என்றேன். அவள் என் பக்கம் திரும்பாமலே, "ஏறினப்புறம் மறுபடி நின்னுட்டா?" என்று கேட்டாள். ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட அவள் பயந்ததாக எனக்குத் தெரியாது. மேலே போய் அவளுடைய மருந்துகளையும் என்னுடைய தலையணையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இந்த வரிகளை டாக்டர் வீட்டு சோபாவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எனக்குப் பல் ஒன்றும் வலிக்கவில்லை. அந்தக் கருவிகளை எடுத்துப்போக ஆள் அனுப்ப வேண்டாம், இவர் வீட்டில் வைஃபை நன்றாக வருகிறது. நீங்கள் இருவரும் வருவதாக இருந்தால் மேலே போய்க் கதவைத் தட்டாதீர்கள்.